தட்டான் குடும்பம் ஒன்று தொடங்கவிருந்த வாரம்

அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவில் காப்பாட்சியருக்கு ‘மாநாடு’ என்று பெயர். அவர் காதில் மட்டும் விழாதபடி எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு தேநீர் வேண்டுமென்றால்கூட முன்னுரை, வரலாற்றுப் பின்னணி, முடிவுரை எல்லாம் வைத்துத்தான் கேட்பார். ஆனால் மனிதர் தங்கம். முப்பத்தோரு வருஷத்தில் யாரையும் கடிந்து பேசியதில்லை. பேச ஆரம்பித்தாலும் வாக்கியம் முடிவதற்குள் கோபம் ஆறிவிடும்.

அவருக்குக் கீழே படம் வரைகிற வேலையில் இருந்தவரைப் படக்காரம்மா என்பார்கள். பத்தொன்பது வருஷமாகத் தட்டான்களின் இறக்கைகளை நரம்பு நரம்பாக வரைந்துகொண்டிருந்தார். மாநாட்டின் கட்டுரைகளை உலகத்தில் யாராவது கடைசிவரை பார்த்திருக்கிறார்கள் என்றால் அது படங்களுக்காகத்தான். இது படக்காரம்மாவுக்கும் தெரியும். சொல்லிக் காட்டியதில்லை.

புதிதாக ஓர் உயிரினத்தைக் கண்டுபிடித்தவர் அதற்கு யார் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம். தன் பெயரை வைத்துக்கொள்வது மட்டும் அழகில்லை. இந்த உரிமையை மாநாடு கூரை ஒழுகும்போதெல்லாம் பயன்படுத்தினார். அப்படி அவருடைய இழுப்பறைகளில் ஒரு துறைச் செயலாளர், இரண்டு நிதி அதிகாரிகள், கட்டடப் பொறியாளர் ஒருவர் எல்லோரும் ஊசி குத்தப்பட்டு வரிசையாகக் கிடந்தார்கள். கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. இவற்றில் முதல் பெயர் அந்தத் துறைச் செயலாளருக்குப் போனது. அது ஒரு கல்லில் பதிந்த பழைய இறக்கை. பெயர் வைத்த மறுமாதமே அந்தச் செயலாளர் மாநாட்டைப் பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அடித்தார். போதாக்குறைக்கு ஒரு விருந்தில் மாநாட்டின் மனைவியைப் பார்த்து, “இவர் யாரு, வரவேற்புப் பணியாளரா?” என்று கேட்டும் வைத்தார்.

அந்த அம்மா அதை மறக்கவில்லை. ஊரில் போகிறவன் வருகிறவன் பேரெல்லாம் தட்டானுக்கு வைத்தாயிற்று, தனக்கு ஒரு கொசுகூடத் தேறவில்லை என்று வருஷத்துக்கு நாலு தடவையாவது சொல்லிக் காட்டுவார். மாநாடு சிரித்துக்கொள்வார். ஆனால் மனசுக்குள் வைத்துக்கொண்டார் என்பது ஓய்வு பெறுகிற வருஷத்தில்தான் தெரிந்தது.

அந்த வருஷம் ஒரு கல் வியாபாரி அவருக்கு ஒரு கல்லைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கை அகலம், சாம்பல் நிறம், நடுவில் ஒரு தட்டான் இறக்கை. எந்தக் குவாரி என்று கேட்டதற்கு, அருங்காட்சியகத்துக்கு முன்பு கல் வந்த பழைய குவாரியே இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் என்றான். இதற்கு இன்னொரு பாதி உண்டா என்றும் மாநாடு கேட்டார். இல்லைங்க என்றான். அவர் அதோடு விட்டுவிட்டார். விட்டிருக்கக் கூடாது.

தட்டான் செத்தால் உடம்பு அழுகிவிடும், தலை மீனுக்குப் போகும், மிஞ்சுவது இறக்கை. ஆகவே தட்டான் குடும்பங்களின் பூர்வீகம் முழுக்க இறக்கை நரம்புகளில்தான் எழுதியிருக்கிறது. அந்த இறக்கை வழுவழுவென்று தட்டையாக இருக்காது. காகித விசிறியை மடித்ததுபோல ஒரு நரம்பு மேட்டில் ஓடும், அடுத்தது பள்ளத்தில் ஓடும். எது மேடு, எது பள்ளம் என்ற வரிசை, முப்பது கோடி வருஷத்துக்கு முன் முழங்கை நீள இறக்கையோடு பறந்தவற்றிலிருந்து நேற்று ஜன்னலில் வந்து உட்கார்ந்தது வரை மாறியதில்லை.

புதுக் கல்லில் அது மாறியிருந்தது. மேடு இருக்க வேண்டிய இடமெல்லாம் பள்ளம், பள்ளம் இருக்க வேண்டிய இடமெல்லாம் மேடு.

மாநாடு மூன்று நாள் தூங்கவில்லை. நான்காம் நாள் புதுக் குடும்பம் ஒன்றை நிறுவினார். ஓர் இனத்தைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஊருக்குப் பத்துப் பேர். குடும்பத்தையே கண்டுபிடிப்பவர் தலைமுறைக்கு ஒருவர். ‘பரிணாமத்தின் எதிர்க்கட்சி’ என்று முன்னுரையில் எழுதினார். இனத்துக்கு அடுத்த படியான பேரினத்துக்கு மனைவியின் பெயர். விதிப்படி குடும்பத்துக்கும் அதே பெயர்தான் வரும், வால் மட்டும் கொஞ்சம் நீளும். வெள்ளிக்கிழமை புத்தக வெளியீடு, அதிலேயே பணி ஓய்வுப் பாராட்டு. மனைவிக்கு இது தெரியவே கூடாது, மேடையில் அறிவிக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று படக்காரம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார். அவருடைய ரகசியக் குரல் வாசல் காவலர் வரை கேட்கும்.

மிச்சமிருந்தது படம் ஒன்றுதான். படக்காரம்மா திங்கட்கிழமை உட்கார்ந்தார். வெளிச்சம் எப்போதும் மேல் இடப்பக்கத்திலிருந்து வருவதாக வைத்துத்தான் வரைய வேண்டும் என்பது அந்தத் தொழிலின் வழக்கம். அப்போதுதான் எந்த நாட்டுக்காரர் பார்த்தாலும் நிழலை வைத்து மேடு பள்ளம் சொல்ல முடியும். விளக்கை அப்படியே வைத்து, கல்லின் மேல் லென்ஸைப் பொருத்தி, ஒளிபுகும் தாளில் நரம்பு நரம்பாக ஏற்றிக்கொண்டு போனார். இறக்கையின் நடு முடிச்சைத் தாண்டியதும் ஒரு நரம்பு நேராகப் போகாமல் தயங்கி, முழங்கால் மடக்கியதுபோல் வளைந்து, பக்கத்து நரம்போடு ஒட்டிக்கொண்டது. இறக்கை ஈரமாக விரிந்த அன்று அந்தத் தட்டானுக்குப் பட்ட அடியாக இருக்கலாம்.

பேனா நின்றது. இந்தக் கோணலை இந்தக் கை ஏற்கெனவே ஒருமுறை வரைந்திருக்கிறது. கண்ணுக்கு மறதி உண்டு, கைக்குக் கிடையாது. தாளைத் திருப்பிப் பின்பக்கமாகப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பயந்து பயந்து வரைந்த செயலாளரின் இறக்கை அப்படியே சிரித்தது.

நாற்பதாவது இழுப்பறையைத் திறந்து பழைய கல்லை எடுத்தார். புதுக் கல்லை அதன்மேல் கவிழ்த்தார். டப்பாவுக்கு மூடி போட்டதுபோல ‘டப்’ என்று உட்கார்ந்தது. விளிம்பில் நகம் நுழைய இடமில்லை. ஒரே கல், ஒரே தட்டான். உளி பட்டுப் பிளந்தபோது ஒரு பாதியில் இறக்கையும் மறுபாதியில் அதன் அச்சும் தங்கிவிட்டன. அச்சில் மேடு பள்ளமாகும், வலது இடதாகும். அதைத்தான் மாநாடு எதிர்க்கட்சி என்று எழுதியிருந்தார். அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த இதழ்வால் தட்டான் குடும்பம்; பதினைந்து கோடி வருஷப் பூர்வீகம், இன்றைக்கு உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களே மிச்சம். இளம்பருவத்தில் ஈரச் சேற்றில் வளை தோண்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அசையாமல் இருக்கும். அரசாங்க உத்தியோகத்துக்குப் பொருத்தமான பிராணி.

படக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இதை அச்சடித்தால் ஊர் சிரிக்கும். நிறுத்தினால், ஆயுளில் ஒரே ஒருமுறை மனைவிக்கு ஒன்று கொடுக்க நினைத்த மனிதரின் கையிலிருந்து அதைப் பிடுங்குவதாகும். பிடுங்கித்தான் ஆக வேண்டும். அவருக்கே தெரிகிறமாதிரி செய்துவிட்டால் தேவலை என்று நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு கல்லையும் லென்ஸோடு அவர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். மேசையில் கல் இருந்தால் தூசி படியும் என்று மாநாடு திருப்பி அனுப்பிவிட்டார்.

மத்தியானம் நேரில் போய், கல்லைப் பிளந்தால் இரண்டு பாதியிலும் இறக்கை தெரியுமா சார் என்று ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார். மாநாட்டின் முகம் மலர்ந்தது. கரும்பலகையில் படம் போட்டு, அசல் எது அச்சு எது, மேடும் பள்ளமும் எப்படி மாறும், இதில் ஏமாந்த கற்றுக்குட்டிகள் எத்தனை பேர் என்று நாற்பது நிமிஷம் விளக்கினார். ஒரு எழுத்துப் பிழையில்லை. முடித்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு சாப்பிடப் போனார்.

புதன்கிழமை சாயங்காலம் படக்காரம்மா அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மறுநாள் காலை புத்தகம் அச்சுக்கு ஏறிவிடும்.

“சார், உக்காருங்க.”

“உக்காந்துதானேம்மா இருக்கேன்.”

“அப்ப எழுந்திருக்காதீங்க.”

ஒரு கல்லை அவருடைய வலது கையிலும் இன்னொன்றை இடது கையிலும் கொடுத்து, மூடுங்க என்றார். மாநாடு ஏதோ சொல்ல வாயைத் திறந்தபடியே கற்களை மூடினார். டப்.

வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. கற்களைப் பிரித்தார், மறுபடி மூடினார். எத்தனை தடவை மூடினாலும் அது மூடத்தான் செய்தது. வெளியே காவலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது.

கடைசியில் மெதுவாகக் கேட்டார்: “நாப்பதாவது இழுப்பறையை யாரும்மா திறக்கப் போறாங்க?”

முப்பத்தோரு வருஷத்தில் அவர் கேட்ட மிகச் சின்னக் கேள்வி அதுதான்.

“உங்க இடத்துக்கு வர்றவர் மொத வேலையா அதைத்தான் சார் திறப்பாரு. நீங்க வந்தப்ப என்ன செஞ்சீங்க?”

மாநாடு வந்த வருஷம் தனக்கு முன்னால் இருந்தவரின் மூன்று இனங்களைத் தப்பென்று நிரூபித்து, அதற்காக நண்பர்களுக்கு விருந்தும் வைத்தவர். தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்புறம் உங்க வீட்டு அக்கா பேரு அழிஞ்சு போனாக்கூடப் பரவாயில்ல சார். அழியாது. முந்தி வெச்ச பேருதான் நிக்கும்னு விதி இருக்கே. செயலாளர் பேரை மேல போட்டு, அதுக்குக் கீழே ஒரு சமக்குறி போட்டு, அக்கா பேரைச் சின்ன எழுத்துல போடுவாங்க. வர்ற ஒவ்வொரு புத்தகத்துலயும்.”

“அந்த ஆளு பேருக்குக் கீழயா?”

“உலகம் இருக்கிற வரைக்கும்.”

மாநாடு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அச்சகத்துக்குப் போன் போட்டு, “புத்தகத்தை நிறுத்துங்க, தப்பு இருக்கு” என்றார். முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. பேசுவது யார் என்று அச்சகத்தார் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது படக்காரம்மாவையும் கூட வரச் சொன்னார். நான் எதுக்கு சார் என்றதற்கு, துணைக்கு என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அந்த அம்மா புதுத்துணியை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மாநாடு அதைப் பார்த்து நின்றுவிட்டார். ரகசியம் எப்போதோ போயிருந்தது. புதுக் குடும்பத்தின் பெயர் போட்ட அழைப்பிதழின் மாதிரி அவர் பையிலேயே வீட்டுக்கு வந்துசேர்ந்ததாம். தங்கைகள் மூன்று பேருக்கும் சொல்லியாகிவிட்டதாம். மூவரும் வெள்ளிக்கிழமை வருகிறார்களாம்.

“வகைப்பாட்டியல்ல சில சமயம்,” என்று மாநாடு ஆரம்பித்தார், “படிவங்களோட தன்மையைப் பொறுத்து…”

“விஷயத்துக்கு வாங்க.”

அவர் படக்காரம்மாவைப் பார்த்தார். படக்காரம்மா ஜன்னலைப் பார்த்தார்.

“உன் பேர்ல குடும்பம் இல்ல. நான் தப்பா பார்த்துட்டேன்.”

இஸ்திரிப் பெட்டி துணிமேல் நின்றது. கொஞ்சம் கருகல் வாசனை வந்த பிறகுதான் அந்த அம்மா அதை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“நான் தப்பா பார்த்துட்டேன். ரெண்டும் ஒரே கல்லு. அச்சடிச்சிருந்தா உன் பேரு காலம்பூரா அந்தச் செயலாளருக்குக் கீழ நின்னிருக்கும். அது வேணாம்னுதான் நிறுத்தினேன்.”

அந்த அம்மா அவரைப் பார்த்தார். கண் கலங்கியதா, சிரிப்பை அடக்கினாரா என்று படக்காரம்மாவால் சொல்ல முடியவில்லை. பிறகு போனை எடுத்து, பெரிய தங்கைக்குப் போட்டு, அவரிடம் நீட்டினார்.

“என் தங்கச்சிங்ககிட்ட நான் சொன்னேன். இல்லைன்னு நீங்க சொல்லுங்க.”

மாநாடு மறுபேச்சில்லாமல் வாங்கினார். பெரிய தங்கையிடம் நாலே வார்த்தையில் சொன்னார். நடுத் தங்கையிடம், கல் இரண்டாகப் பிளந்த விவரமும் சேர்ந்தது. கடைசித் தங்கையிடம் பேசும்போது முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, “தட்டான்களின் முப்பது கோடி ஆண்டு வரலாற்றில் இத்தகைய தவறு நிகழ்வது…” என்று எடுத்தார்.

அந்த அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“ஆமாடி. அவரேதான் சொல்றாரு, தான் தப்பா பார்த்துட்டேன்னு. எங்க அவரு. வாயாலதான்டி சொன்னாரு, பக்கத்துல சாட்சி இருக்கு. நீங்க வெள்ளிக்கிழமை எல்லாரும் கட்டாயம் வந்துருங்க, மேடையிலயும் சொல்லச் சொல்றேன்.”

தங்கைகளிடம் தட்டான் குடும்பத்தைப் பற்றிச் சொன்னபோதுகூட அந்த அம்மாவின் குரலில் இத்தனை பெருமை இருந்திருக்காது என்று படக்காரம்மாவுக்குத் தோன்றியது. மாநாடு ஓசைப்படாமல் நாற்காலியில் உட்கார்ந்து, கருகின துணியை மடியில் போட்டு, கறை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கக் கண்ணாடியைத் தேடினார். அது அலுவலக மேசையில் இருந்தது.