சாகாத புரோத்தன்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. கற்பூரத்தை அணைத்தே சத்தியம் பண்ணிவிடலாம்தான். ஆனால் இது நடந்த இடம் கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி வார்ட். அங்கே கற்பூரம் கொளுத்தினால் அலாரம் அடிக்கும், தீயணைப்பு வண்டி வரும், எழும்பி நிற்க ஏலாதவர்களையெல்லாம் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய்க் கார் பார்க்கில் விடுவார்கள். ஆகவே கற்பூரம் இல்லாமலே நம்பவேண்டியதுதான்.

கமலேஸ்வரி கணவனின் இடது கன்னத்தைச் சவரம் செய்து முடித்து வலது கன்னத்துக்கு வந்தபோது, கதிரையில் இருந்த அவள் தம்பி பரமேஸ்வரன் தொண்டையைச் செருமினான்.

"அத்தான், ஒரு விசயம் கேக்கவேணும். உலகம் இண்டைக்கு அழியுமோ?"

"அழியாது. நீ போய் அரிசியை இறக்கு," என்றார் குகநாதன், கண்ணைத் திறக்காமல்.

பரமேஸ்வரனுக்கு ஈஸ்ட் ஹாமில் பலசரக்குக் கடை. அவனுடைய அரிசிக் கொண்டெயினர் துறைமுகத்தில் நின்றது. ஜெனீவாவில் நிலத்துக்கு அடியில் கட்டிய பெரிய வளையத்துக்குள் அன்று காலை முதல்முறையாக, அணுவின் கருவுக்குள் இருக்கும் புரோத்தன்களைச் சுற்றவிடப் போகிறார்கள், அதிலிருந்து கருந்துளை ஒன்று பிறந்து பூமியை விழுங்கப்போகிறது என்று 2008 செப்டெம்பரில் லண்டன் பேப்பர்கள் எழுதித் தள்ளியிருந்தன. கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் ஒரு கிழமையாக மெழுகுதிரி கிடைக்கவில்லை. அட்டியலுக்கு முற்பணம் கட்டிய பெண்ணொருத்தி, உலகம் இருந்தால் மிச்சத்தைத் தருகிறேன் என்று நகைக்கடைக்காரரிடம் நேரிலேயே சொல்லிவிட்டாள். இந்த விசயத்தில் லண்டன் தமிழர்களுக்குத் தெரிந்த ஒரே நிபுணர் குகநாதன். அவரோ இரண்டு கிழமையாக வார்டில் கிடந்தார். இரவு தாண்டுவது கஷ்டம் என்று டொக்டர் முதல்நாளே சொல்லியிருந்தார்.

"பீற்றர் ரெலிபோன் எடுக்குமட்டும் இருப்பன்," என்று குகநாதன் அந்த டொக்டருக்கு இங்கிலீசில் பதில் சொன்னார். "சுத்தினது எண்டு கேட்டிட்டுத்தான் மற்ற அலுவல்."

இளவாலை ஊர்ப் பொடியன் பீற்றர் அவருடைய மாணவன். இப்போது ஜெனீவாவில் அந்தக் கட்டுப்பாட்டு அறையில் நிற்கிறான். அந்த யந்திரத்துக்குள் வைத்த, புரோத்தன் போன தடத்தைக் காட்டும் சிலிக்கன் துண்டுகளில் ஒரு பங்கை, கல்லூரி நிலவறையில் இருந்து ஒவ்வொன்றாகச் சோதித்து அனுப்பியவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். அவர் கேட்கவேண்டும். கமலேஸ்வரிக்கு அன்று வேறு ஒரு வேண்டுதலும் இல்லை. ரெலிபோனை இரவே சார்ஜ் பண்ணி மடியில் வைத்திருந்தாள்.

குகநாதனை ஈஸ்ட் ஹாமில் பலர் அணுகுண்டு செய்கிறவர் என்றுதான் நினைத்திருந்தார்கள். அவர் செய்தது அதற்கு நேர்மாறான வேலை. புரோத்தன் என்றைக்காவது சாகுமா என்று பார்த்துக்கொண்டிருப்பது. லண்டனில் டொக்டர் பட்டத்துக்குப் படிக்கவந்த காலத்தில், புரோத்தனும் ஒருநாள் சாகத்தான் வேணும் என்று பெரிய மூளைக்காரர் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு புரோத்தன் சாகும்வரை இருக்கப் பூமிக்கே ஆயுள் போதாது. ஆனால் மலையளவு இரும்பைக் குவித்து வைத்தால் அதற்குள் எண்ணமுடியாத புரோத்தன்கள், எங்கேயாவது ஒன்று சாகாதா? வானத்திலிருந்து விழும், கண்ணுக்குத் தெரியாத துணிக்கைகள் வந்து குழப்பாமல் இருக்க, அமெரிக்காவில் ஒரு பழைய சுரங்கத்தின் அடியில் இரும்பை அடுக்கிவைத்துக் காவல் இருந்தார்கள். மேலே குடித்த தேத்தண்ணி கீழே போய்ச் சேருவதற்குள் திரும்பத் தாகமெடுக்கிற ஆழம். சுரங்கத்து வௌவால்களுக்கு இவரைத் தெரியும். இவர் ஷிப்ட் என்றால் சத்தம் போடாது.

ஷிப்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. அடுத்த ஆள் வந்து பக்கத்துக் கதிரையில் இருக்கும்வரை முதல் ஆள் எழும்பக்கூடாது. எழும்பும்போது, நடந்ததை வாயால் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். குகநாதன் காலமெல்லாம் சொன்னது ஒன்றுதான்: "ஒண்டும் நடக்கேல்லை."

ஒருமுறை ஏதோ நடந்தது. ஒரு புரோத்தன் செத்தமாதிரியே கோடுகள் விழுந்தன. இளசுகள் சம்பெயின் உடைத்தார்கள். "இன்னொண்டு வரட்டும்," என்றார் குகநாதன். இன்னொன்று வரவில்லை. சம்பெயினைத் திரும்ப மூடி அலுமாரியில் வைத்தார்கள் என்று கமலேஸ்வரி சொல்வாள். உடைத்த சம்பெயினை மூட ஏலாது என்பவர்கள் பௌதிகக்காரரோடு பழகாதவர்கள்.

மகள் தாரகா முதன்முதலாக "அப்பா" என்றபோதும் அவர் சுரங்கத்தில்தான் இருந்தார். கமலேஸ்வரி ரெலிபோனில் சொன்னாள். "இன்னொருக்கா சொல்லட்டும். ஒருக்கா நடந்தால் அது செய்தி, அவ்வளவுதான்," என்றார். குழந்தை கோபித்துக்கொண்டு நாலு மாதம் வாய் திறக்கவில்லை.

பிறகு விரிவுரையாளர், பேராசிரியர் என்று ஏறினார். பெயர்ப்பட்டியல் கட்டுரையைவிட நீளமான கட்டுரைகளில் அவர் பெயர் வந்தது. கோயிலில் சனம் கேட்கும், "என்ன கண்டுபிடிச்சவர்?" என்று.

"புரோத்தன் லேசில சாகாது எண்டு கண்டுபிடிச்சவர்," என்பாள் கமலேஸ்வரி. "நீங்கள் உடுத்தியிருக்கிற சீலை நாளைக்கும் சீலையாய் இருக்கும். அதுக்கு அவர் பொறுப்பு."

ஆஸ்பத்திரியிலும் குடும்பம் ஷிப்ட் போட்டுத்தான் இருந்தது. விடியப்புற ஷிப்ட் பரமேஸ்வரனுடையது. அக்கா அத்தானின் முகத்தைத் துடைத்துவிட்டுக் கதிரைக்கு வரும்வரை அவன் எழும்பவில்லை.

"அக்கா, ஒண்டும் நடக்கேல்லை."

"சரி, போ. அரிசி நனையப்போகுது."

"அத்தான், பிறகு ஏதும் அழிஞ்சுதெண்டால் உங்களைத்தான் கேப்பன்."

"வரிசையில நில்லு," என்றார் குகநாதன்.

அவன் போனபின் வார்டில் தேத்தண்ணி வண்டியின் சில்லுச் சத்தம் மட்டும் கேட்டது.

"கமலா, பீற்றர் எடுத்தவனோ?"

"இன்னும் இல்லை. நீங்கள் படுங்கோ, அடிச்சால் எழுப்புறன்."

"நான் படுத்தால் ஷிப்ட் ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன்."

"உமக்கு ட்ரெயினிங் இல்லை."

"முப்பது வருசம் உங்களைப் பாத்திருக்கிறன். புரோத்தனைப் பாக்கிறது அதைவிட லேசு."

அவர் உதட்டில் சிரிப்பு வந்து நின்றது. "அப்ப, ஷிப்ட் உம்மட்டை."

"என்ன நடந்தது எண்டு சொல்லிப்போட்டெல்லோ போகவேணும்?"

"ஒண்டும் நடக்கேல்லை," என்று சொல்லிக் குகநாதன் அவள் பக்கமாகத் தலையைச் சரித்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் தாதி வந்தாள். கையைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு ரெலிபோன் வர இருக்கிறது, அதுவரை ஒருவரையும் உள்ளே விடவேண்டாம் என்று கமலேஸ்வரி கேட்டுக்கொண்டாள். தாதி அவள் தோளைத் தொட்டு, சரி என்று, கட்டிலைச் சுற்றித் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் போனாள்.

ரெலிபோன் அடித்தது.

"அக்கா! சுத்திட்டுது! முழுசா ஒரு சுத்து! சேர் எங்கை, சேரட்டைக் குடுங்கோ!"

ஜெனீவாவில் அந்த அறையில் ஆட்கள் கைதட்டுவது கடல் இரைவதுபோலக் கேட்டது. கமலேஸ்வரி ரெலிபோனைக் குகநாதனின் காதில் வைத்துப் பிடித்தாள். பீற்றர் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு மூச்சில் கத்தினான். எந்தத் துண்டில் எப்போது வெளிச்சம் வந்தது என்பதுவரை. சவரம் செய்த கன்னம் மினுங்கியது.

"சேர் என்ன சொல்லுறார், அக்கா?"

"அவருக்குக் குரல் எழும்பேல்லை, பீற்றர். நான் சொல்லுறன்." அவள் குனிந்து, நிமிர்ந்தாள். "இன்னொருக்கா சுத்தட்டாம்."

அந்தப் பக்கத்தில் பீற்றர் சிரித்த சிரிப்பு, தேத்தண்ணி வண்டிக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது. "தெரியும்! அதைத்தான் சொல்லுவார் எண்டு தெரியும்!" என்றான்.

தாரகா வந்தபோது கமலேஸ்வரி எழும்பவில்லை. மகள் கோட்டைக் கழற்றி மற்றக் கதிரையில் இருக்கும்வரை காத்திருந்தாள். பிறகு மெல்ல எழும்பினாள்.

"பீற்றர் அங்கிள் எடுத்தவர். சுத்திட்டுதாம். அப்பா கேட்டவர்."

"ரியலி, அம்மா? என்ன சொன்னவர்?"

"இன்னொருக்கா சுத்தட்டாம்."

தாரகா சிரிக்கத் தொடங்கி, கட்டிலைப் பார்த்து, பாதியில் நிறுத்தினாள்.

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு போயிட்டார்."

அன்று பின்னேரம் ஜெனீவாவில் எதிர்த்திசையிலும் ஒரு சுற்றுச் சுற்றியது. பரமேஸ்வரனின் அரிசி நனையாமல் வந்து சேர்ந்தது. செத்தவீட்டுக்கு ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஃபாரஸ்ட் கேட் எல்லாம் வந்தன. அந்தக் கடைசி வார்த்தையை எல்லோருக்கும் சொன்னாள் கமலேஸ்வரி. கேட்ட எல்லோரும் நம்பினார்கள்.

அந்தத் தாதி, திரைச்சீலையை இழுத்துவிடுவதற்கு முன், குகநாதனின் கண்களை மூடிவிட்டிருந்தாள்.