பின்னுக்குப் போன தேர்

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில், கிடங்குப் பிள்ளையாரைத் தெரியாத தமிழர் இல்லை. பதினைந்து வருடங்களுக்கு முன்புவரை கட்டிலும் மெத்தையும் அடுக்கிவைத்திருந்த கிடங்கு அது. பிள்ளையார் குடிவந்த பிறகும் பெயர் போகவில்லை. அவரும் அதையொன்றும் பெரிதுபடுத்தியதாகத் தெரியவில்லை. ஆவணி பிறந்தால் தேரேறி நாலு வீதியும் சுற்றி வந்துவிடுகிறார்.

அந்த நாலு வீதிக்காகக் கோயில் செயலாளர் சண்முகராசா கவுன்சிலோடு மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமல்ல. தேர் இடப்பக்கமாகத் திரும்பினால் போக்குவரத்துக்கு இடைஞ்சல் குறையும் என்று அவர்கள் வரைபடம் போட்டுக் காட்டினார்கள். பிள்ளையார் வலம் வருவாரே தவிர இடம் வரமாட்டார் என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். ஏழு கடிதம் எழுதிக் களைத்துப்போய்க் கடைசியில் கவுன்சில்தான் இறங்கிவந்தது. தேரன்று சில்லுக்குக் கட்டை போடுகிறவரும் அவரேதான். தேர் நிற்கவேண்டிய இடத்தில் மரக்கட்டையைச் சக்கரச் சில்லின் கீழ் தள்ளி நிறுத்துகிற வேலை. ஒரு கணம் பிசகினால் விரல் போய்விடும். பதினொரு வருடமாக அந்தக் கட்டையை அவர் வேறொருவரையும் தொடவிட்டதில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு முன்னால்தான் றூபினி தன் மடிக்கணினியைத் திறந்துவைத்தாள்.

றூபினிக்கு முப்பத்தொரு வயது. காலை ஷிப்டில் பெற்றோல் செட் கவுண்டரில் நிற்கிறவள். இரண்டு வருடமாகப் பின்னேரங்களில் வீட்டிலிருந்தே இணையப் பக்கம் செய்யப் படித்தாள். ஓல்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு சிறிய நிறுவனம் அவளை வியாழக்கிழமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: அவள் கையால் செய்த ஒரு பக்கமாவது இணையத்தில் எல்லோரும் பார்க்கிறபடி இருக்கவேண்டும். பயிற்சிக்குச் செய்தவையெல்லாம் கணக்கில் சேராது. அப்படி அவளிடம் இருந்தது கோயில் திருவிழாப் பக்கம் ஒன்றுதான். அதுவும் நிர்வாகசபை ஓம் என்றால்தான் ஏறும். இல்லையென்றால் வியாழக்கிழமை போய்க் கையை விரிக்கவேண்டியதுதான்.

ஆகவே அவள் உயிரைக் கொடுத்துச் செய்திருந்தாள். ஜாவாஸ்கிரிப்டில் யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாக விட்டிருக்கிற ஒரு நிரல் தொகுப்பு, லைப்ரரி என்பார்கள், அவளுக்குக் கைகொடுத்தது. படத்தை நகர்த்து, சுழற்று, மறை என்று ஒரு வரி எழுதிவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். மணியைத் தொட்டால் ஆடியது. தேங்காயைத் தொட்டால் சிதறியது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தைக் கீழே உருட்ட உருட்டத் தேர் அசைந்து அசைந்து கிழக்கு வீதியிலிருந்து தெற்கு, மேற்கு, வடக்கு என்று சுற்றி இருப்பிடத்துக்கு வந்துசேர்ந்தது. அந்தத் தேருக்காக மட்டும் மூன்று கிழமை மினக்கெட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிந்து, வாழைப்பழம் ஒதுக்கிவைத்திருந்த மேசையில் சபை கூடியது. தலைவர் பாலேந்திரா மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, அன்னதானப் பொறுப்பாளர் கலாவதி அக்கா பதினொரு தேங்காய் உடைத்துமுடித்துவிட்டார்.

"சோக்காயிருக்கு பிள்ளை," என்றார். "கூட்டவும் தேவையில்லை, பாத்தியோ!"

தேர் புறப்பட்டது. தெற்கு வீதி தாண்டி மேற்கு வீதியில் போய்க்கொண்டிருந்தது. பாலேந்திரா கண்ணாடி இல்லாமலே கும்பிட்டார். றூபினிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலை கிடைத்தமாதிரித்தான் என்று நினைத்தாள்.

"அன்னதானம் எத்தினை மணிக்கெண்டு போட்டிருக்கிறியோ?" என்று கேட்டுக்கொண்டே சண்முகராசா எட்டி, பக்கத்தை மேலே உருட்டினார். நேர அட்டவணை மேலேதான் இருந்தது.

தேர் பின்னுக்குப் போனது.

சும்மா போகவில்லை. வந்த அதே ஆட்டத்தோடு, கொடி பறக்க, மணி ஆட, மேற்கு வீதியிலிருந்து தெற்கு வீதிக்குப் பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போய், வந்த வழியே புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது. லைப்ரரியின் குற்றம் இல்லை. கீழே உருட்டினால் முன்னே, மேலே உருட்டினால் பின்னே. அதன் இயல்பு அது. சொல்லப்போனால் அப்படித் திரும்பி ஓடுவதுதான் அதன் பெருமையே. மூன்று கிழமையில் றூபினி அந்தத் தேரை முந்நூறு தரமாவது பின்னுக்கு ஓட்டியிருப்பாள். ஒரு தரம்கூட அவள் கண்ணில் அது தேராகப் படவில்லை.

கலாவதி அக்கா கன்னத்தில் கை வைத்தார்.

"பிள்ளையாரை இடமாய்ச் சுத்தவிட்டிட்டியே, பிள்ளை," என்றார் சண்முகராசா. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, அது... எல்லாப் பக்கமும் அப்பிடித்தான்... மேல போனா..."

"எல்லாப் பக்கத்திலயும் தேர் ஓடுதோ?"

கவுன்சிலையே திருப்பியனுப்பிய மனிதரிடம் எதைச் சொல்வது? பாலேந்திராதான் நடுவில் புகுந்தார். வெள்ளிக்கிழமை கொடியேற்றம், அதற்கு முன் புதன் பின்னேரம் சபை ஒருதரம் கூடும், அதற்குள் சரிசெய்தால் போடலாம், இல்லையென்றால் பழைய பக்கமே போதும். பழைய பக்கம் என்பது நாலு வருடத்துக்கு முந்திய நோட்டீஸைப் படம்பிடித்துப் போட்டது.

வீட்டுக்கு வரும்போது றூபினிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. படம்தானே! முந்நூறு பிக்சல் அகலமான படம்! அதற்குள் பிள்ளையார் எங்கேயிருந்து வந்தார்? சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

முதலில் பக்கம் மேலே போகாதபடி பூட்டிப் பார்த்தாள். தேர் ஒழுங்காக முன்னே போனது. ஆனால் நேர அட்டவணை மேலேயே மாட்டிக்கொண்டது. அன்னதானம் எத்தனை மணிக்கு என்று பார்க்க முடியாத கோயில் பக்கத்தை யார் திறப்பார்கள்? பூட்டைக் கழற்றினாள்.

பிறகு, பக்கம் மேலே போகலாம், தேர் மட்டும் நின்ற இடத்தில் நிற்கட்டும் என்று எழுதினாள். அது எளிதாகவே முடிந்தது. அதுவரை போன தூரத்தைக் குறித்துவைத்து, அதற்குக் குறைந்தால் அசையாதே என்றால் போதும். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை. போன் இறுகிப்போனது மாதிரி இருந்தது. பெற்றோல் செட்டில் அவளோடு நிற்கிற பிறேமினியிடம் திங்கட்கிழமை காட்டினாள். "என்னடி, நெட் இல்லையோ?" என்று கேட்டுப் போனைத் தட்டினாள் பிறேமினி.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ் மேல்தட்டில் உட்கார்ந்து, போன வருடத் தேரை யாரோ எடுத்துப் போட்டிருந்த வீடியோவைப் பார்த்தாள். வேறு வழி தோன்றாமல்தான் பார்த்தாள். வடக்கு வீதி முனையில் சின்ன ஏற்றம். வடம் பிடித்தவர்கள் களைத்துப்போய்க் கொஞ்சம் தளரவிட, தேர் ஒரு சாண் பின்னால் சரியப் பார்த்தது. அந்த நேரத்தில் சனத்துக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. பச்சைப் பட்டி போட்ட மணிக்கூடு கட்டிய கை. ஒரு கட்டையைச் சில்லின் கீழே தள்ளியது. டொக். தேர் நின்றது. அவ்வளவு பெரிய தேர், அவ்வளவு சின்னக் கட்டை.

றூபினி அந்த இடத்தை ஆறு தரம் போட்டுப் பார்த்தாள். ஆறாம் தரம் இறங்கவேண்டிய தரிப்பும் தாண்டிப்போய்விட்டது. அவள் பதறவில்லை. எழும்பி மணியை அமத்தி, நடந்தே வந்தாள்.

புதன் பின்னேரம் மறுபடி அதே மேசை. இந்த முறை சண்முகராசா கதிரையை இழுத்துப்போட்டுக் கணினிக்கு நேரே உட்கார்ந்தார். தேரை மேற்கு வீதிவரை கொண்டுபோனார். பிறகு வேண்டுமென்றே பக்கத்தை மேலே உருட்டினார்.

ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு சில்லின் கீழே கட்டையைத் தள்ளியது. தேர் ஒரு சின்னக் குலுக்கலோடு நின்றது. கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. பக்கம் மேலே போய் நேர அட்டவணை வந்தது. மறுபடி கீழே இறக்கியதும் கட்டை விலகி, விட்ட இடத்திலிருந்து தேர் நகர்ந்தது.

சண்முகராசா விடுவாரா? சட்டென்று உருட்டினார். மெல்ல உருட்டினார். மேலும் கீழுமாக மாறி மாறி உருட்டினார். ஒவ்வொரு தரமும் டொக்கென்று கட்டை விழுந்தது. பக்கத்தைப் புதிதாக ஏற்றச் சொன்னார். தேர் நின்ற இடத்திலேயே நின்றது. கடைசியாகத் துருப்புச் சீட்டை எடுத்தார்.

"சரி, ஒராள் பாதியில மூடிப்போட்டுப் போறார் எண்டு வை. அப்ப என்ன செய்வாய்? சுவாமி நடு வீதியிலயோ நிக்கிறது?"

"இல்லை அண்ணை. நிண்ட இடத்தை அவையின்ர போனே ஞாபகம் வைச்சிருக்கும். திருப்பித் திறந்தா அதிலயிருந்துதான் இழுக்கவேணும். இருப்பிடத்துக்குக் கொண்டுபோய் விட்டால்தான் அடுத்த சுத்து."

அவர் தலையாட்டவில்லை. திரைக்குக் கிட்டக் குனிந்து, கட்டை போட்ட கையை உற்றுப் பார்த்தார். தன் இடது கையையும் பார்த்தார். பச்சைப் பட்டி மணிக்கூடு ஆறே முக்காலைக் காட்டியது.

"இது ஆற்றை கை?"

"உங்கடதான் அண்ணை. வேற ஆரையும் விடமாட்டியளே."

கலாவதி அக்கா சிரித்த சிரிப்பில் அர்ச்சனைத் தட்டோடு போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். சண்முகராசா சிரிக்கவில்லை. ஆனால் பாலேந்திரா "அப்ப போடுவமோ?" என்று கேட்டபோது, "பொறுங்கோ, வடக்கு வீதியில நிக்குது," என்று சொல்லி, தேரை இருப்பிடத்துக்குக் கொண்டுபோய்விட்டுத்தான் ஓம் என்றார். அவருக்கு எடுத்துவைத்த தேநீர் ஆறி ஆடைகட்டிவிட்டது. ஏழரைக்குப் பக்கம் இணையத்தில் ஏறியது.

வியாழக்கிழமை, ஓல்ட் ஸ்ட்ரீட். நேர்முகம் செய்தவளின் பெயர் ஹெலன். கத்தரித்த நரைமுடி, சட்டைப்பையில் மூன்று பேனா. தன் கணினியிலேயே கோயில் பக்கத்தைத் திறந்தாள். மணியை ஆட்டினாள். தேங்காயை உடைத்து "ஆ!" என்றாள். தேரை மேற்கு வீதிவரை கொண்டுபோய், மேலே உருட்டினாள். டொக்.

நெற்றியைச் சுருக்கினாள். மறுபடி உருட்டினாள். டொக்.

"இது திரும்பி வரவேண்டுமே," என்றாள் ஆங்கிலத்தில். "அந்த லைப்ரரியில் அது தானாகவே நடக்கும். நீங்கள் வேலை மெனக்கெட்டுத் தடுத்திருக்கிறீர்கள். எங்கள் ஆட்கள் இதைப் பிழை என்றுதான் எழுதுவார்கள். இங்கேயே மாற்றிக் காட்டுங்களேன், ஐந்து நிமிடம் தருகிறேன்."

ஐந்து நிமிடம் எதற்கு? அரை நிமிடம் போதும். நாலு நாளைக்கு முன்னென்றால் கேட்ட வாய் மூடமுன் செய்திருப்பாள். வேலை கண்ணுக்கு முன்னால் இருந்தது. பெற்றோல் செட்டின் விடியற்காலைக் குளிரும் ஞாபகம் வந்தது. றூபினியின் விரல்கள் விசைப்பலகைக்குப் போயே விட்டன. அங்கே போய் நின்றுவிட்டன.

"இதில் செய்யமாட்டேன்," என்றாள். "இது தேர். பின்னால் போகாது. வேறு எதை வேண்டுமானாலும் பின்னால் ஓட்டிக் காட்டுகிறேன்."

புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, சிவப்புப் பெட்டிக்கு நாலு சில்லு வைத்துப் பஸ் என்றாள். அதை முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டினாள். குத்துக்கரணமும் அடிக்கவைத்தாள். நாலு நிமிடம் ஆனது. ஹெலன் பஸ்ஸைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், ஏதோ எழுதிக்கொண்டாள்.

"நல்லது. மின்னஞ்சலில் சொல்கிறோம்," என்று சொல்லி, தேர் நின்ற பக்கத்தை மூடக் கையை நீட்டினாள்.

"ஐயோ, மூடாதேங்கோ!"

தமிழில்தான் வந்தது. ஹெலனின் கை அப்படியே நின்றது.

மூடினாலும் இடம் ஞாபகத்தில் இருக்கும்தான். அந்த ஏற்பாட்டைச் செய்தவளே அவள்தானே. ஆனால் இந்த மனுசி இனி ஒருநாளும் திறக்காவிட்டால்? பிள்ளையார் ஓல்ட் ஸ்ட்ரீட்டில் ஒரு கணினிக்குள்ளே, மேற்கு வீதியில், சில்லுக்குக் கட்டையோடு காலமெல்லாம் நிற்கவேண்டியதுதான். றூபினியால் அதைத் தாங்க முடியவில்லை. மன்னிக்கச் சொல்லிவிட்டு மவுஸை வாங்கிக்கொண்டாள். அவசரப்படாமல் உருட்டினாள். மேற்கு வீதி முடிந்தது. வடக்கு வீதி ஏற்றம் கடந்தது. தேர் கிழக்கு வீதிக்குத் திரும்பி, ஆடி அசைந்து இருப்பிடத்தில் போய் நின்றது. தேங்காய் ஒன்று தானாகச் சிதறியது. அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. தான் இருப்பது நேர்முகத்தில் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஹெலன் பேனாவை மூடிவைத்தாள்.

"திங்கட்கிழமை தொடங்க முடியுமா?" என்றாள் ஹெலன். பதிலுக்குக் காத்திருக்காமல் மவுஸைத் தன் பக்கம் இழுத்தாள். "அதற்கு முதல், நான் ஒரு சுற்று இழுக்கலாமா?"

"இழுக்கலாம்," என்றாள் றூபினி. கண் கலங்கியதை மறைக்கவில்லை. "ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோய் விடவேண்டும்."

ஹெலன் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, மெல்ல இழுக்கத் தொடங்கினாள்.