சீட்டுக்கு அடியில் மூன்று கம்பிகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் மோட்டார் சைக்கிளின் சீட்டைக் கழற்றியது ஒரு செல்போன் சார்ஜருக்காக.

அவனுடைய வேலை பல் சுமப்பது. செயற்கைப் பல் செய்யும் லேப் ஒன்றிலிருந்து பல் செட்டுகளையும் கேப்புகளையும் கிளினிக் கிளினிக்காகக் கொண்டுபோய்க் கொடுப்பான். அங்கே எடுத்து வைத்திருக்கும் வாய் அச்சுகளை வாங்கி வருவான். ஒரு நாளைக்குப் பதினெட்டு, இருபது இடம். எல்லாரும் அவனைப் பல்லுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு கிளினிக்கின் வரவேற்பறைப் பெண் அவன் தலையைக் கண்டதும், "பல்லுக்காரர் வந்துட்டார், எல்லாரும் சிரிங்க" என்பாள். முன்பெல்லாம் அவனும் பதிலுக்கு எதையாவது எடுத்துவிடுவான். இப்போது பெட்டியை வைத்து, கையெழுத்து வாங்கி, திரும்பிவிடுகிறான். அவள் மட்டும் சொல்வதை விடவில்லை.

லேப் முதலாளி புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எந்த இடத்துக்கு அடுத்துப் போக வேண்டும் என்பதைப் போனே வரைபடம் போட்டுச் சொல்லும். அதற்குப் போன் நாள் முழுக்க விழித்திருக்க வேண்டும். அவனுடைய போன் மத்தியானத்துக்குள் செத்துவிடும். போன வாரம் அப்படிச் செத்ததில், மாலையில் மேடையேறிப் பேச வேண்டிய ஒருவர் முன்பல் இல்லாமல் இரண்டு மணி நேரம் கிளினிக்கில் உட்கார்ந்திருந்தார். முதலாளி திட்டவில்லை. அவனைத் திட்டுவதை எல்லாரும் நிறுத்திப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வண்டியிலேயே ஒரு சார்ஜர் மாட்டிக்கொள்ளச் சொன்னார், இல்லாவிட்டால் அவன் எங்கே இருக்கிறான் என்று ஜோசியரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். அவன் சரி என்றான்.

வண்டி தம்பியுடையது. தம்பி அவனைவிடப் பதினான்கு வயது இளையவன். அப்பா அம்மா இருவரும் போன பிறகு, பதினோரு வயதில் ஒரு பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அப்போது அண்ணனுக்குக் கல்யாணமாகி ஐந்து மாதம்தான். தம்பிக்குச் சோறு போட்டதும், பாடம் சொல்லிக்கொடுத்ததும், முதல் முதலாக ஷேவிங் செட் வாங்கிக் கொடுத்ததும் எல்லாம் அண்ணிதான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது கேட்டால் அவள், "அதான் ஒருத்தன் இருக்கானே, ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறான்" என்பாள். இருபத்தைந்து வயதில் தம்பி சொந்தச் சம்பாத்தியத்தில் இந்த வண்டியை வாங்கினான். பதினோரு வாரம் ஓட்டினான். பிறகு குடல்வால் வெடித்து, உடம்பெல்லாம் சீழ் பரவி, நான்கே நாளில் போய்விட்டான்.

ஆக வேண்டியதை எல்லாம் அவனே ஓடியாடிச் செய்தான். மூன்றாம் நாள் வேலைக்குப் போனான். கல்லு மாதிரி நின்றான் என்று உறவுக்காரர்கள் மெச்சினார்கள். கிளினிக்குகளில் ஈறில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் கன்னத்தைத் தாங்களே கிள்ளிப் பார்ப்பார்கள். அவனுக்கு உடம்பு முழுக்க அப்படி மரத்துக் கிடந்தது. வேலை முடிந்ததும் வெளிவட்டச் சாலையின் கடைசி வரை போவான். அங்கே லாரிகளுக்கு எடை போடும் மேடை ஒன்று, மூடிக் கிடந்தது. அதன் திட்டில் உட்காருவான். எதையும் நினைப்பதில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. வீட்டுக்கு வரும்போது மனைவி வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றிருப்பாள். முதலில் கேட்டாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு அதையும் விட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எட்டு மாதத்துக்கு முன்னால் நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கும் வேறொரு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். போகும்போது சத்தம் எதுவும் இல்லை. "சுவத்துகிட்ட பேசிப் பேசி எனக்கு வாய் வலிக்குது" என்று மட்டும் சொன்னாள். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பஸ் ஏற்றிவிட்டான். அதன்பின் போனில் தண்ணீர்த் தொட்டி, சிலிண்டர், கதவுப் பூட்டு என்று பேசினார்கள். கடைசியாகப் பேசிப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

லேபுக்குப் போவதற்கு முன் அவன் நான்கு வருடம் வீட்டு வயரிங் வேலை பார்த்தவன். அதனால் சார்ஜர் மாட்ட மெக்கானிக்கிடம் போகவில்லை. இந்த மாதிரி வண்டிகளில் சீட்டுக்கு அடியில், பேட்டரி பக்கத்தில், கம்பெனிக்காரர்களே ஒரு தனி கனெக்டர் விட்டிருப்பார்கள். கூடுதலாக விளக்கோ ஹாரனோ சார்ஜரோ மாட்டுகிறவர்கள் வண்டியின் மற்ற கம்பிகளை வெட்டாமல் இதிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளலாம். மூன்று கம்பி வரும். சிவப்பில் எப்போதும் மின்சாரம் இருக்கும். மஞ்சளில் சாவி போட்டால்தான் வரும். கறுப்பு எர்த். சார்ஜரை மஞ்சளில் கொடுக்க வேண்டும். சிவப்பில் கொடுத்தால் வண்டி சும்மா நிற்கும்போதும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

சீட்டைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான். கனெக்டரின் வாய் ரப்பர் மூடியோடு இருக்கும் என்று நினைத்திருந்தான். மூடி இல்லை. ஏற்கெனவே எதையோ அதில் செருகியிருந்தார்கள். சிவப்பிலிருந்தும் கறுப்பிலிருந்தும் இரண்டு மெல்லிய கம்பிகள் கிளம்பிப் பேட்டரிக்குப் பின்னால் போயின. அங்கே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, பிளாஸ்டிக் பட்டையால் இறுகக் கட்டியிருந்தது. அதில் ஒரு பச்சைப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது.

தம்பி வைத்ததாக இருக்கும் என்று நினைத்தான். வண்டி திருட்டுப் போகாமல் இருக்க, இருக்கும் இடத்தைச் சொல்லும் கருவியை மாட்டிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். தம்பிக்கு வண்டி மேல் உயிர். பதினான்கு மாதமாகத் தன் தொடைக்குக் கீழே தம்பியின் பொருள் ஒன்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்காக ஏதாவது தோன்றும் என்று சற்று நேரம் அப்படியே குந்தியிருந்தான். ஒன்றும் தோன்றவில்லை. கனெக்டரைப் பிடித்து இழுத்துக் கழற்றினான்.

சார்ஜர் கம்பியின் முனையைச் சீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

"வண்டி எங்க இருக்கு?" என்றாள். குரல் ஓடிவந்தவள் குரல் போல இருந்தது.

"வீட்ல. ஏன்?"

"நீங்க?"

"நானும்தான்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு எங்கேயோ உட்காருகிற சத்தம். அவன் பேட்டரிக்குப் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தான். பச்சைப் புள்ளி இன்னும் எரிந்தது. உள்ளேயே சின்னதாக ஒரு பேட்டரி இருக்கும் போல.

"இது நீ வெச்சதா?" என்றான்.

"ஆமா. கம்பியைக் கழட்டினா எனக்கு மெசேஜ் வரும். இவ்வளவு நாள்ல வந்ததே இல்ல. வண்டியோட எங்கயோ விழுந்துட்டீங்கன்னு நினைச்சேன்."

ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தின வாரம், வண்டி சர்வீஸுக்குப் போயிருந்தபோது, மெக்கானிக்கிடம் சொல்லி வைக்கச் செய்ததாகச் சொன்னாள். அவனிடம் மூச்சுவிடக் கூடாது என்று மெக்கானிக்கிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"எதுக்கு?" என்றான்.

"நீங்க உசுரோட இருக்கீங்களான்னு தெரிஞ்சுக்க. கேட்டா சொல்ல மாட்டீங்க. வண்டி சொல்லும்."

கோபம் வர வேண்டும் என்று அவனுக்குப் பட்டது. எட்டு மாதம் வேவு பார்த்திருக்கிறாள். உள்ளே தேடிப் பார்த்தான். கோபம் இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் கிடைக்கவில்லை. அவள் பேசிக்கொண்டே போனாள். தினமும் சாயங்காலம் போன் வரைபடத்தில் வண்டியின் புள்ளி ஊருக்கு வெளியே ஓர் இடத்தில் போய் நிற்கிறதாம். ஒன்றரை மணி நேரம் அசையாதாம். அது நகர்ந்து வீட்டுத் தெருவுக்குள் வந்த பிறகுதான் அவள் அடுப்பைப் பற்ற வைப்பாளாம். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

"லாரி எடை மேடை. மூடிட்டாங்க."

"அங்க என்ன பண்றீங்க?"

"உக்காந்திருப்பேன்."

வழக்கமாக இந்த இடத்தில் யாராவது ஒருவர் போனை வைத்துவிடுவார்கள். இருவருமே வைக்கவில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி நின்றது. சொல்ல வேண்டும் என்று அவன் முடிவு எதுவும் எடுக்கவில்லை. கம்பி சீவும் கட்டர் கையில் இருக்க, வாய் தானாகப் பேசியது.

"அன்னைக்கு சாயங்காலம் அவன் என்னைக் கேட்டான். வயித்த வலி தாங்கல, ஆஸ்பத்திரி போலாமாண்ணான்னு. எனக்கு இன்னும் மூணு டெலிவரி இருந்துச்சு. மாத்திரை போட்டுட்டுப் படு, காலைல பாத்துக்கலாம்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

லைன் போய்விட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். போகவில்லை.

"தெரியும்" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"அவனை நான்தானே படம் எடுத்தேன். மேசையில படுத்துக்கிட்டே சொன்னான். அண்ணன்கிட்ட கேட்டேன் அண்ணி, அப்புறம் எனக்கே வலி கொறைஞ்ச மாதிரி இருந்துச்சு, நானும் பேசாம தூங்கிட்டேன்னான். உள்ள வெடிச்சா முதல்ல அப்படித்தான் கொறையும்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்."

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. முழங்காலில் கிரீஸ் பட்டிருப்பதைப் பார்த்தான், விரலால் துடைத்தான், அது இன்னும் பரவியது. சீட்டைக் கழற்றி என்ன செய்துகொண்டிருந்தான் என்று அவள் கேட்டாள். சார்ஜர் என்றான். அந்தக் கனெக்டரில் இரண்டும் சேர்ந்து வருமா என்று விசாரித்தாள். தம்பிக்குப் பள்ளிக்கூடத்துப் பாடம் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து அவளுக்கு இந்த மாதிரி விஷயங்களில் ஆசை உண்டு. அது சிவப்பு, இது மஞ்சள், எர்த் மட்டும் இரண்டுக்கும் பொது என்று அவன் விளக்கினான். எட்டு மாதத்தில் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

"பெட்டியை எடுத்துடட்டுமா?" என்று கேட்டான்.

"உங்க இஷ்டம்."

அவன் எடுக்கவில்லை. கனெக்டரின் மஞ்சள் துளையில் சார்ஜரின் கம்பியைச் சேர்த்தான். நடுவில் ஒரு சின்ன ஃப்யூஸ் வைத்தான். கறுப்பு இரண்டையும் ஒன்றாக நசுக்கி, டேப் சுற்றி, மறுபடி செருகினான். கம்பியை டேங்குக்கு அடியில் கொண்டுபோய், ஹேண்டில் பாரில் கொஞ்சம் தளர்த்தி விட்டுக் கட்டினான். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தான், கம்பி இழுபடவில்லை. சாவியைப் போட்டதும் சார்ஜரில் நீல விளக்கு எரிந்தது. அணைத்ததும் அணைந்தது. உள்ளே போய்ப் படுத்தான். சாயங்காலம் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் போகிற வழியில் மெக்கானிக் கடையில் நிறுத்தினான். மெக்கானிக் பெருத்த மனிதர். அவன் வருமுன்பே அவளிடமிருந்து செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு, தங்கச்சி வந்து அப்படி நின்றபோது மறுக்க முடியவில்லை என்றார். அவன் பரவாயில்லை என்றான். அவர் நம்பவில்லை. பரிகாரம் போல, அவன் செய்த வயரிங்கைத் தானே சரிபார்த்துத் தருவதாகச் சொல்லிச் சீட்டைக் கழற்றினார். ரொம்ப நேரம் குனிந்து குறை தேடினார். கிடைக்காமல், டேப் கொஞ்சம் அதிகமாகச் சுற்றியிருக்கிறது என்று சொல்லி மூடினார்.

அதற்கப்புறம் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. எடை மேடைக்கு அவன் தொடர்ந்து போனான். ஆனால் அங்கே போன் அடித்தால் எடுத்தான். அவள் கேட்பாள், அவன் ஆமாம், இல்லை என்பான். சில நாள் இருவரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். மூன்று வாரம் கழித்து அவள், "அந்தப் பெட்டியைக் கழட்டிடுங்க. புள்ளியைப் பாத்துப் பாத்து எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அந்தச் சனிக்கிழமை கழற்றி மேசை இழுப்பறையில் போட்டான். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் ஊருக்குக் கிளம்பினான். சொல்லாமல்தான் போனான். சொல்லக் கூடாது என்று இல்லை, சொல்லத் தோன்றவில்லை.

மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் அவனையும், அவன் தோளுக்கு மேலாகத் தெருவில் நின்ற வண்டியையும் பார்த்தாள். உள்ளே வரச் சொன்னாள். தட்டு வைத்தாள். அவன் சாப்பிடும்போது எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, தன் பக்கக் கதையைச் சொன்னாள். வலி வந்த அன்று சாயங்காலம் தம்பி அவளையும் இரண்டு தடவை போனில் கூப்பிட்டிருக்கிறான். எக்ஸ்ரே அறைக்குள் போன் கொண்டுபோகிற வழக்கம் இல்லை. அது லாக்கரில் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து பார்த்தபோது, தூங்கியிருப்பான், எதற்கு எழுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் எக்ஸ்ரே முடிவைப் படிப்பது போல ஒரே சீராக இருந்தது. அவளும் தன்னைப் போலத்தான் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். சாப்பிட்ட கையோடு அவள் அருகில் போய், அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். தோள்கள் பட்டுக்கொண்டன. இருவரும் நகரவில்லை.

பிறகு அங்கேயே பாயில் படுத்துத் தூங்கிவிட்டான். எழுந்தபோது மணி நான்கு. அவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மறுபடி மாற்றல் கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகவும், கிடைக்க ஆறு மாதமாவது ஆகும் என்றும் சொன்னாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறேன் என்றான் அவன்.

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள்.

"மழைன்னா வர வேணாம்" என்றாள்.