யாரும் கவனிக்காத வீடு

பழைய தெருக்களைக் காக்கும் சங்கத்தார் காலையில் வந்து, இரண்டாகப் பிரித்த வீட்டின் பக்கத்துப் பாதியில் கட்டியிருந்த சாரத்தில் ஒரு பலகையைக் கட்டிவிட்டுப் போனார்கள். அதிலிருந்து இந்தப் பாதியில் குடியிருக்கும் பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பலகையில் பெரிய எழுத்தில் இப்படி எழுதியிருந்தது: "நூற்றுப் பதினாறு ஆண்டுப் பழமையான வீடு. இருபத்திரண்டு ஆண்டுகள் யாரும் கவனிக்காமல் கிடந்தது. உரிமையாளரின் அக்கறையால் இப்போது மீண்டும் உயிர் பெறுகிறது."

அக்கறை என்று போட்டதைக்கூடத் தொலையட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் யாரும் என்றால் என்ன அர்த்தம்? சுவருக்கு இந்தப் பக்கம் இருபத்திரண்டு வருஷமாகக் குத்துக்கல் மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் அந்த 'யாரும்' என்பதில் சேர்த்தியா, இல்லையா? அதை எழுதிக் கொடுத்தது யாரென்று பெரியவளுக்குத் தெரியும். ஓரகத்திதான், கொழுந்தன் மனைவி சின்னவள்தான், வேறு யார்?

கதை இதுதான். ஒரே வீடு, அண்ணன் தம்பி இரண்டு பேர். பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் எழும்பியது. எந்தப் பாதி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். பெரியவளின் கணவர் எடுத்த சீட்டில் கிணறும் சமையலறையும் மேற்கு வெயிலும் வந்தன. கொழுந்தன் எடுத்த சீட்டில் மரப்படிக்கட்டும், மாடி அறையும், அந்த அறையின் வண்ணக் கண்ணாடி ஜன்னலும் வந்தன. கூடவே காற்றும் போயிற்று. அந்தத் தெருவுக்கு வருகிற காற்றெல்லாம் வீட்டுக்குள் நுழைவது அந்த ஒரு ஜன்னல் வழியாகத்தான். "அந்தச் சீட்டை எடுக்கச் சொல்லி உங்க கையை யாருங்க புடிச்சு இழுத்தா?" என்று பெரியவள் அன்றைக்குக் கேட்டாள், இன்றைக்கும் கேட்கிறாள். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்தக் கேள்விக்கு மட்டும் முழுச் செவிடு.

பாகம் பிரித்த கையோடு கொழுந்தனும் சின்னவளும் தங்கள் பாதியைப் பூட்டிக்கொண்டு பிழைப்புக்காக வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். பெரியவள் சும்மா இருப்பாளா? தன் பாதியை இழைத்து இழைத்துப் புதுசாக்கினாள். கூரை ஓடுகளைப் பிரித்துக் கான்கிரீட் போட்டாள். மர ஜன்னல்களைக் கழற்றி அலுமினிய ஜன்னல் வைத்தாள். தரையில் வழுவழுவென்று டைல்ஸ் பதித்தாள். அன்றைக்குத் தெருவே வந்து பார்த்து வாயைப் பிளந்தது. இன்றைக்கு அதே தெரு, "அடடா, அந்தக் காலத்து ஜன்னலை எடுத்துட்டீங்களே" என்று உச்சுக் கொட்டுகிறது. பூட்டிவிட்டுப் போனவளுக்குப் பலகை, பெருக்கித் துடைத்தவளுக்கு உச்சுக் கொட்டல்! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

படம் பிடிக்க வருகிறவர்கள் வேறு. ஒவ்வொருவரும் எதிர்ச் சாரியில் நின்று, ஒரு கண்ணை மூடி, பெரியவளின் பாதி படத்தில் விழாதபடி நகர்ந்து நகர்ந்து எடுத்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் மொட்டை மாடியைப் பார்த்து, "அம்மா, கொடியில காயுற துணியைக் கொஞ்சம் எடுக்க முடியுமா? படத்துல விழுது" என்றார். பெரியவள் உள்ளே போய், நனையாத போர்வைகள் இரண்டை எடுத்து வந்து அதே நீலக் கொடிக்கயிற்றில் விரித்துப் போட்டாள்.

வயிறு எரிந்தது. அதை அவள் வேறு பெயர் சொல்லி மூடவில்லை. நெஞ்சு கரிக்கிறது என்று கணவரிடம் சொல்லியிருக்கலாம், அவரும் சீரகத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருப்பார். ஆனால் இது பொறாமை என்று அவளுக்குத் தெரியும். இருபத்திரண்டு வயதான, நல்ல ஆரோக்கியமான பொறாமை.

சின்னவளோ திரும்பி வந்த நாளிலிருந்து தேனாகப் பேசினாள். போன வாரம் வாசலில் நின்று, "அக்கா, வாங்களேன், மாடி வேலை முடியப் போகுது, வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். பெரியவள் பிகு பண்ணிக்கொண்டு போனாள். படிக்கட்டை ஏதோ முதல் தடவை பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஏறினாள்.

"பாத்து அக்கா, அஞ்சாவது படி..." என்று சின்னவள் பின்னாலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்குள் பெரியவளின் கால், ஆடுகிற அந்த ஐந்தாவது படியைத் தாண்டி ஆறாவதில் ஊன்றியிருந்தது. கண் பார்க்கவில்லை, கால் தானாகவே தாண்டியது. சின்னவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. பெரியவளும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய், "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு, அந்த ஜன்னலைப் பார்க்காமலே இறங்கி வந்துவிட்டாள்.

பார்க்க என்ன இருக்கிறது? பச்சைக் கண்ணாடி ஒன்பது, சிவப்பு ஏழு, அதில் ஒன்று விரிசல். மதியம் மூன்று மணிக்குப் பச்சை வெளிச்சம் பாதத்தில் விழும், மூன்றரைக்கு முழங்காலுக்கு ஏறும். அதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஏனென்றால் நடுச்சுவரின் கொல்லைப்புறக் கோடியில் ஒரு குட்டைக் கதவு உண்டு. பாகம் பிரித்தபோது அதைப் பூட்டினார்கள். கொழுந்தன் ஊருக்குக் கிளம்பிய அன்று சாவியைக் கேட்டான். "அது எங்கேயோ தொலைஞ்சு போச்சுப்பா" என்றாள் பெரியவள். அந்தச் சாவி அன்றும் இன்றும் அவள் பீரோவில் புடவை மடிப்புக்குள் இருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமும் மதியத்தில் கணவர் கண்ணயர்ந்ததும் அவள் அந்தக் கதவைத் திறந்துகொண்டு போவாள். மாடியில் ஜன்னலடியில் பாயை விரித்து ஒரு மணி நேரம் படுத்திருப்பாள். மழை ஒழுகினால் பாத்திரம் வைத்தாள். படிக்கட்டில் கரையான் வந்தபோது மண்ணெண்ணெய் தடவினாள். ஓடு உடைந்தபோது, தன் பாதியிலிருந்து பிரித்துப் போட்ட பழைய ஓடுகளைத் தன் மொட்டை மாடியிலிருந்தே எட்டி எட்டி வைத்து, சரியாமல் இருக்கக் கயிற்றால் கட்டினாள். நல்ல மனசால் செய்தாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போனவர்கள் போனவர்கள்தான், திரும்பி வரப்போவதில்லை, ஒருநாள் இது நமக்குத்தான் வரும் என்ற நினைப்பில் செய்தாள். தன் சொத்தைப் போலவே பார்த்துக்கொண்டாள்.

போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அதுதான் இப்போது பிரச்சினை.

பலகை கட்டிய அன்று மதியம் சுண்ணாம்பு மேஸ்திரி கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தார். தொட்டியில் சுண்ணாம்பை ஊறப்போட்டு, கலக்கிக் கலக்கிப் பதம் பார்த்துச் சுவர் பூசுகிற ஆள். வாய் பேசினாலும் கண் சுவரில்தான் இருக்கும்.

"இருபது வருஷம் பூட்டிக் கெடந்த வீடுன்னாங்க. இந்நேரம் கூரை விழுந்திருக்கணும்மா" என்றார். "விழல. யாரோ ஓடு மாத்தியிருக்காங்க."

"அப்படியா?" என்றாள் பெரியவள்.

"தொழில் தெரியாத ஆளு. கம்பியால கட்ட வேண்டிய எடத்துல கயித்தால கட்டியிருக்கு. ஆனா ரொம்ப அக்கறையா, முடிச்சு மேல முடிச்சு." மேஸ்திரி வாளியை இறக்கி வைத்துவிட்டு மொட்டை மாடியை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு போர்வைகளும் அசைந்துகொண்டிருந்தன. "நீலக் கயிறும்மா."

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் பெரியவள்.

"அதுசரி" என்றார் மேஸ்திரி. வாளியைத் தூக்கிக்கொண்டே, "நாளைக்குக் காலையில அந்த நடுச்சுவர்க் கதவைப் பேத்துட்டுச் செங்கல் வெச்சு அடைக்கிறோம். சாவி தொலைஞ்ச கதவுதானே, சின்னம்மா அடைச்சிடச் சொல்லிட்டாங்க. தூசி வரும், துணியை எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் பெரியவள் கணக்குப் போட்டாள். வாயைத் திறக்காவிட்டால் நாளையோடு அந்த ஜன்னல் போயிற்று. பச்சை வெளிச்சம் போயிற்று, காற்று போயிற்று. மிச்ச காலத்தை மேற்கு வெயிலிலும் மின்விசிறிக்கு அடியிலும் கழிக்க வேண்டியதுதான். வாயைத் திறந்தாலோ, சாவி தொலைந்தது பொய் என்று ஆகும். அடுத்தவள் வீட்டில் இருபத்திரண்டு வருஷம் திருட்டுத்தனமாகப் படுத்து எழுந்தவள் என்று ஆகும். அந்தச் சின்னவளுக்கு முன்னால் தலை குனிய வேண்டும். இரண்டில் எது பெரிய நஷ்டம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கணவரிடம் கேட்கலாமென்று பார்த்தால், அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் காதைத் தடவ ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் கடப்பாரை தரையில் ஊன்றும் சத்தம் கேட்டது. செங்கல்லை இறக்கும் சத்தம் கேட்டது. "மேல் சட்டத்துலேர்ந்து ஆரம்பிக்கவா சின்னம்மா?" என்று மேஸ்திரி கேட்டதும் கேட்டது.

"கொஞ்சம் இருங்க" என்றாள் சின்னவள்.

பெரியவள் பீரோவைத் திறந்தாள். புடவைகள் சரிந்து விழுந்ததைக்கூடப் பார்க்காமல் கொல்லைக்கு ஓடினாள். சாவியைப் போட்டாள், திருப்பினாள், முழங்காலால் கதவின் அடிப்பக்கத்தில் ஒரு இடி இடித்தாள். கதவு திறந்தது. அந்தப் பக்கம் கடப்பாரையும் கையுமாக மேஸ்திரி நின்றார். அவருக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துச் சின்னவள் நின்றாள்.

"கெடைச்சிடுச்சா அக்கா?" என்றாள் சின்னவள்.

"தொலையவே இல்ல" என்றாள் பெரியவள். மூச்சு வாங்கியது. ஆரம்பித்தாயிற்று, இனி நிறுத்த முடியாது. "ஓடு மாத்துனது நான்தான். கரையானுக்கு மருந்து போட்டது நான்தான். அந்தப் பலகையில 'யாரும் கவனிக்கல'ன்னு போட்டிருக்கே, அதை மொதல்ல எடு. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

மேஸ்திரி கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு, சுண்ணாம்புத் தொட்டியைப் பார்க்கப் போனார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள். "வந்து கதவைத் தொறந்த அன்னிக்கே தெரியும். வீடு பூரா ஒரு விரக்கடை தூசி. ஜன்னல்கிட்ட மட்டும் ஒரு பாய் அளவுக்குத் தூசியே இல்ல. நான்தான் கூட்டிப் பெருக்கி, எங்க வீட்டுக்காரரு கண்ணுல படாம பண்ணேன். அப்புறம் அந்த அஞ்சாவது படி, நான் சொல்றதுக்குள்ளயே தாண்டிட்டீங்க."

"தெரிஞ்சுமா 'யாரும்'னு எழுதிக் குடுத்தே?"

"தெரிஞ்சதாலதான் எழுதிக் குடுத்தேன்." சின்னவளின் தேன் குரல் முதல் தடவையாகப் புளித்தது. "அக்கா, நாங்க இந்த இருபத்திரண்டு வருஷத்துல ஏழு வாடகை வீடு மாறிட்டோம். ஒண்ணுலயும் ஜன்னல்னு சொல்லிக்கிற மாதிரி ஒரு ஜன்னல் கெடையாது. எனக்கும் சொந்தமா ஒரு ஜன்னல் இருக்குன்னு நெனச்சுத்தான் தூங்குவேன். வந்து பாத்தா அங்க நீங்க படுத்து எழுந்திருக்கீங்க. வீடு எங்க பேர்ல, காத்து உங்களுக்கு. எனக்கு எப்படி இருக்கும்? பொறாமைதான். அதான் கதவையும் அடைக்கச் சொன்னேன்."

பெரியவள் அவளையே பார்த்தாள். பொறாமையா? இவளுக்கா? என் மேலா? நல்ல சீட்டு, மாடி, பலகை, படம், தொப்பிக்காரர் எல்லாம் இவள் பக்கம் இருக்க, என் மேல் பொறாமையா? அந்தச் சொல் உள்ளே இறங்க இறங்க, இரண்டு நாளாக எரிந்த வயிற்றில் குளுகுளுவென்று ஏதோ பரவியது. இத்தனை வருஷமும் அவள் கேட்டது அந்த வீட்டைக்கூட அல்ல, இந்த ஒரு சொல்லைத்தான் போலிருக்கிறது.

"நான் ஒண்ணும் உனக்காகப் பாத்துக்கல" என்றாள் பெரியவள். "நீங்க வரமாட்டீங்க, எங்களுக்கே வந்துடும்னு நெனச்சேன்."

"அது தெரியாதா? உங்க எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் நெனச்சிருப்பேன்." சின்னவள் மேஸ்திரி இருந்த பக்கம் திரும்பினாள். "மேஸ்திரி, செங்கல்லை எடுத்துடுங்க. கதவு இருக்கட்டும்." பிறகு கையை நீட்டினாள். "ஆனா சாவி என்கிட்டதான் இருக்கும். அதுக்கு மேல என்னால முடியாது."

பெரியவள் சாவியைக் கொடுத்தாள். சின்னவள் உடனே பெரியவளின் கொல்லைக்குள் வந்து, கதவைச் சாத்திப் பூட்டி, திறந்து பார்க்கிறேன் என்று திருப்பினாள். பூட்டு திறந்தது, கதவு அசையவில்லை. தோளால் முட்டினாள். கைப்பிடியை இரண்டு கையாலும் இழுத்தாள். மூக்கு நுனி வியர்த்தது. அந்தப் பக்கம் மேஸ்திரி தொட்டியைச் சும்மா கலக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"இது எப்படிக்கா தொறக்குது? கொஞ்சம் சொல்லுங்களேன்."

"நகரு" என்றாள் பெரியவள். சின்னவள் பார்க்க முடியாதபடி புடவை முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு, முழங்காலைக் கொடுத்தாள். கதவு திறந்தது. சின்னவளின் முகத்தில் அந்தப் பழைய புளிப்பு மறுபடி ஒருமுறை வந்து போனது. பெரியவள் அதைக் கண் குளிரப் பார்த்தாள்.

"சாவி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். "எப்ப தொறக்கணுமோ, என்னைக் கூப்பிடு."