வேன் வந்து போகட்டும்

கிளையில் காகித மொட்டைச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் உள்ளறையில் சத்தம் நின்றுபோயிருப்பது மோகனாவுக்கு உறைத்தது. ராத்திரி முழுக்கக் குணாளனின் நெஞ்சில் சளி கரகரத்துக்கொண்டிருந்தது. விடிந்த பிறகும் கேட்டது. எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. பச்சை டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, மொட்டைக் கிளையோடு அழுத்திவிட்டுத்தான் எழுந்து போனாள்.

அவர் வாய் திறந்திருந்தது. கண்ணும் பாதி திறந்திருந்தது. மூக்கின் கீழே புறங்கையை வைத்தாள். பிறகு நெஞ்சில் காதை வைத்தாள். உடம்பில் சூடு இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. “என்னங்க,” என்றாள். இன்னொரு முறை, “என்னங்க.” அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பித் தொண்டைக்கு வந்தது. அது வெளியே வருவதற்குள் இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூடத்தில் பூக்கள் இருந்தன.

ரோஸ் நிறக் கிரேப் காகிதத்தில் செய்த பிளம் பூக்கள். காய்ந்த ரப்பர் பால்மரக் கிளைகளில் கட்டி, வாளி வாளியாகச் சுவரோரம் நிறுத்தியிருந்தாள். சீனப் பெருநாள் நெருங்கிவிட்டது. பக்கத்து டவுன் பகாவில் அலங்காரக் கடை வைத்திருக்கும் ஆ லான் இன்று காலை வேனோடு வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சீனர்களுக்கு அந்தப் பெருநாளோடு வசந்தம் பிறக்கிறதாம். நெகிரி செம்பிலானில் ஏது வசந்தம்! வெயில் இருக்கும், மழை இருக்கும், செம்பனை வருஷம் பூராவும் ஒரே பச்சையாய் நிற்கும். வசந்தம் வராத ஊரில் அதைக் காகிதத்தில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. அதனால்தான் மோகனாவுக்கும் பிழைப்பு ஓடுகிறது.

செத்த வீட்டுப் பொருள் பெருநாள் வீட்டுக்குள் போகக் கூடாது. பந்தாங். அந்த மலாய்ச் சொல்லுக்குத் தீட்டு, ஆகாது, சகுனக்கேடு என்று தமிழில் எதை வைத்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். இந்த நாட்டில் எல்லாரும் பயப்படுவது அந்த மிச்சத்துக்குத்தான். போன வருஷம் தோட்டத்தின் கடைசி லயத்துச் சன்னாசி பெருநாளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அவர் பெண்டாட்டி சீன வீடுகளுக்கென்று சுட்டு அடுக்கியிருந்த முறுக்கையெல்லாம் டின் டின்னாகச் செம்பனைக் காட்டுக் கால்வாயில் கொட்டினார்கள். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இந்த வருஷமும் அவளிடம் ஒருவரும் முறுக்குக் கேட்கவில்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. பகாவின் வாய் அதைவிட ஒரு சுற்றுப் பெரியது.

மோகனா பொத்திய கையை எடுக்கவில்லை. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் முத்தாயி கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். ரேடியோவில் வாழ்த்துச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் பக்கத்து வீட்டு இருமல்கூட நம் வீட்டு இருமல் மாதிரி கேட்கும். ஒரு குரல் எழுந்தால் போதும், வாசலில் செருப்புகள் குவிந்துவிடும். அழுகைச் சத்தம் கேட்கிற வரைக்கும் இங்கே சாவு கிடையாது.

வேன் வந்து போகட்டும், என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

குணாளன்கூட அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். செம்பனைக் குலை அறுக்கிற வேலை பார்த்த மனிதர். ஸ்ட்ரோக் வந்து இடது பக்கமும் நாக்கும் விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்க்காரப் பெண் நல்ல கைக்குப் பயிற்சி என்று காகிதத்தைக் கொடுத்து உருட்டச் சொன்னாள். உருண்டைகளை என்ன செய்வது என்று மகள் மாதவிதான் ஃபோனில் தேடிக் காட்டினாள். பஞ்சை நடுவில் வைத்துக் காகிதத்தை முறுக்கினால் மொட்டு. ஐந்து இதழ் வெட்டி, ஓரத்தைக் கட்டைவிரலால் இழுத்துவிட்டால் பூ. மொட்டு அவர், பூ இவள். முதல் வருஷம் நம் ஆட்களுக்கு வெள்ளைதானே மங்களம், மல்லிகை மாதிரி இருக்கட்டும் என்று பாதியை வெள்ளையில் செய்துவிட்டார்கள். ஆ லான் தலையில் அடித்துக்கொண்டாள். “யாரு செத்தா எங்க வீட்ல? வெள்ளப் பூவ வாசல்ல வெச்சா பொணம் எடுக்க ஆளு வந்துரும்லா!” அன்றைக்குக் குணாளன் விழுந்து கிடந்த வாயோடு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எச்சில் வழிய வழியச் சிரித்தார்.

இந்த வாரம் கண் திறக்கும்போதெல்லாம், “வே… வே…” என்றார். வேன் வந்துவிட்டதா என்று கேட்கிறார் என அவள் எடுத்துக்கொண்டாள். பூவுக்காகக் கேட்டாரா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாரா? இனி யாரிடம் போய்க் கேட்பது?

கண்களை மூடிவிட்டாள். தாடையைக் கட்டத் துண்டை எடுத்தாள், எடுத்த கையோடு நின்றாள். கட்டிவிட்டால் பிணம். கட்டாத வரைக்கும் தூங்குகிற மனிதர். ஆ லான் எட்டிப் பார்த்துவிட்டால்? துண்டை மடித்து வைத்துவிட்டுப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள். கூடத்துக்கு வந்து ஃபோன் அடித்தாள்.

“அக்கா, எங்க இருக்கீங்க?”

“வரேன்லா. கடையில ஆளு நிக்கிறாங்க. கொஞ்ச நேரம், கொஞ்ச நேரம்.”

கொஞ்ச நேரம் என்பது பெருநாள் வாரத்தில் ஒரு ரப்பர், இழுக்க இழுக்க நீளும். மோகனா உட்கார்ந்து காகித வெட்டுகளைப் பொறுக்கினாள். ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் எழுந்தாள். லோரிகள் செம்பனைக் குலைகளோடு புழுதி கிளப்பிப் போயின. ஒரு தடவை உள்ளே போய் அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள். பாதம் சில்லிட்டிருந்தது. ஜன்னலைச் சாத்தினால் சூடு போகாது என்று தோன்றிச் சாத்தினாள். என்ன புத்தி இது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

காலை டீ நேரத்தில் மாதவி அழைத்தாள். ஜொகூரில் ஃபேக்டரி வேலை. தினமும் இந்த நேரத்துக்கு அழைப்பாள். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு முத்தாயிக்கு அடித்து, போய்ப் பாருங்கள் என்பாள். அதனால் எடுத்தாள்.

“ம்மா, அப்பா எப்படி இருக்காரு?”

“தூங்குறாரு.”

“ராத்திரி எளப்பு இருந்துச்சின்னியே. எழுப்ப வேணாம், ஃபோன மட்டும் காதுல வைம்மா. எங்கொரல் கேட்டா முழிச்சிக்குவாரு.”

“அப்பறமா பேசலாமே, கண்ணு.”

“எனக்கு அப்பறம் பிரேக் இல்லம்மா. வைம்மா.”

மோகனா உள்ளே போனாள். ஸ்பீக்கரைப் போட்டு அவர் காதருகே பிடித்தாள். தலையணையில் முழங்கையை ஊன்றிக்கொண்டாள்.

“அப்பா, நான்தான். இந்தச் சனிக்கெழம வரேம்பா. லீவு கெடச்சிருச்சி. பூவெல்லாம் முடிச்சிட்டீங்களாமே, கெட்டிக்காரர்லா நீங்க. பல்லு வெளக்குனீங்களா? அம்மாவத் திட்டாம கஞ்சி குடிக்கணும், சரியா?” பேச்சு நின்றது. வழக்கமாக இந்த இடத்தில் அவர் ‘ம்’ என்பார். அவருக்கு ஒழுங்காக வருவது அது ஒன்றுதான். “அப்பா? சரியா?”

அந்தப் பக்கம் ஃபேக்டரி மணி அடித்தது. மகள் காத்துக்கொண்டிருந்தாள்.

மோகனா வாயைத் திறக்காமல், தொண்டையின் அடியிலிருந்து, “ம்,” என்றாள்.

“ஆங். குட். வெச்சிடறேம்பா.”

ஃபோனை மெத்தையில் போட்டுவிட்டு அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். உலகத்தில் எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்துவிட்டோம் என்று பட்டது. அப்போதே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் மாதவி கதறுவாள், முத்தாயிக்கு அடிப்பாள், வேன் வரும்போது கூடம் முழுக்க ஜனம் இருக்கும். இவ்வளவு நேரம் அடக்கியது வீணாகிவிடும். பாவத்திலும் பாதி வழியில் இறங்க முடியாது.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வேன் வந்தது. ஆ லான் சிவப்புச் சட்டையில், கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு இறங்கினாள். இதே தோட்டத்துக் கடையில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சீனத்தி என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“சோரிலா மோகனா. கோவமா? அண்ணன் எங்க? ஆரஞ்சு கைல குடுக்கணும்.”

“இப்பதான் கண்ண மூடுனாரு. ராத்திரி பூரா தூக்கமில்ல.” சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. “நான் குடுத்துடறேங்க்கா. ஏத்திரலாமா?”

இரண்டு பேரும் வாளிகளைத் தூக்கினார்கள். பூக்கள் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தன. ஆ லான் பேசிக்கொண்டே இருந்தாள். தன் புருஷன் செத்த துக்கத்துக்குப் போன வருஷம் வீட்டில் ஒன்றுமே வைக்கவில்லை. இந்த வருஷம் மருமகள் முழுகாமல் இருக்கிறாள். சாமி புண்ணியத்தில் வீடு நிறையப் பூ வேண்டும்.

“பெரிய கெள எங்க? எங்க வீட்டு ஹால்ல வெக்கச் சொன்னேனே?”

அது கூடத்தின் மூலையில் தனியாக நின்றது. காலையில் மோகனாவின் கையில் இருந்தது அந்தக் கிளைதான்.

“அது சரியா வரலக்கா. வேற கட்டி அனுப்புறேன்.”

“எங்க, பாக்குறேன்… அடியே, இதுதான் இருக்கறதுலயே அழகு! விடு.”

ஆ லான் ஒரு நுனியைப் பிடித்தாள். மோகனா அடியை விடவில்லை. சிரித்துக்கொண்டே இழுத்தாள் ஆ லான். மோகனா கிளையை முழங்காலில் வைத்து ஒரே அமுக்காக அமுக்கினாள். பட்டென்று முறிந்தது. மொட்டுகள் சிமெண்டுத் தரையில் உருண்டன.

“ச்சொய்! ச்சொய்!” கெட்ட சகுனத்தை விரட்டுகிறவளாய் ஆ லான் பின்வாங்கினாள். “பெருநாள் வர்ற நேரத்துல ஒடைக்கிறியே, பைத்தியமா புடிச்சிருக்கு?”

“கை தவறிருச்சிக்கா.”

ஆ லான் அவள் முகத்தைப் பார்த்தாள். சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்தாள். “ஒடம்பு சரியில்லன்னா சொல்ல வேண்டியதுதானேலா,” என்று மட்டும் சொல்லி, ஆரஞ்சுப் பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். மற்ற கிளைகளெல்லாம் வேனில் இருந்தன. அவை போய்ச் சேரும் வீட்டுக்காரர்களின் முகம் மோகனாவுக்குத் தெரியாது. முகம் தெரியாதவர்கள் என்றால் மனசு எப்படியோ ஒத்துக்கொண்டுவிடுகிறது. கேடுகெட்ட மனசு.

வேன் செம்பனை மரங்களுக்குள் திரும்பி மறைந்தது. இனி அழலாம். வாசலில் நின்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி முயன்றாள். காலையில் தொண்டைவரை வந்த அந்தச் சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு, சர்க்கரை கேட்கப் போகிறவள் போல, பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

“அக்கா, கொஞ்சம் வாங்களேன்.”

முத்தாயி அரிசி களைந்த கையைச் சேலையில் துடைத்தபடி வந்தாள். அறைக்குள் ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாள். “ஐயோ, தம்பி…” என்று மார்பில் கை வைத்தாள். “எப்பம்மா?”

“இப்பதான்.”

“வாயக் கட்டணும் மொதல்ல. துண்டு குடு.”

முத்தாயி ஒரு கையால் தலையைத் தாங்கி, மறுகையால் தாடையைத் தள்ளினாள். தாடை அசையவில்லை. கொஞ்சம் பலமாகத் தள்ளினாள். பிறகு அவர் கழுத்தைத் தொட்டாள், விரல்களை மடக்கிப் பார்த்தாள். இந்த லயத்தில் எத்தனையோ பேருக்குத் தாடை கட்டியவள், விறைத்த உடம்பின் நேரம் அவள் கைக்குத் தெரியும். மெதுவாகத் திரும்பித் திறந்திருந்த கதவு வழியே கூடத்தைப் பார்த்தாள். வாளிகள் நின்ற இடத்தில் வட்டத் தடங்கள் மட்டும் இருந்தன.

“பூவெல்லாம் போயிருச்சா?”

“போயிருச்சிக்கா.”

முத்தாயி துண்டை மடித்துத் தோளில் போட்டாள். “மகளுக்குச் சொல்லு. அப்பறம் ஆளுகளக் கூப்புடுவோம்,” என்றாள்.

மோகனா ஸ்பீக்கரில் அழைத்தாள். வேலை நேரத்தில் அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தாலே மகளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டது. ஒரு பாடு கதறி ஓய்ந்த பிறகு, விக்கலுக்கு நடுவில் மாதவி சொன்னாள்: “காலையில எங்கிட்டப் பேசினாரேம்மா. சரியான்னு கேட்டேன், ‘ம்’னாரு. நல்லாக் கேட்டுச்சி. அப்ப நல்லாத்தானே இருந்தாரு? கடைசியா எங்கிட்டதானே பேசினாரு? சொல்லும்மா.”

மோகனா வாயைத் திறந்தாள். ஃபோனைப் பிடித்தபடியே அவர் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

“அம்மா?”

முத்தாயி கட்டிலுக்கு மேலாகச் சாய்ந்து கையை நீட்டி ஃபோனை வாங்கினாள். மோகனாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாள். “நான்தான் கண்ணு, முத்தாயி பெரிம்மா. ஆமா கண்ணு. உங்கிட்டப் பேசிட்டுத்தான் போனாரு. நீ பதறாம பஸ்ஸப் புடிச்சி வா.”

ஃபோனை அணைத்து வைத்தாள். மறுபடி துண்டை எடுத்துத் தாடைக்கடியில் கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். வாய் மூடவில்லை. இன்னும் ஒரு சுற்று முறுக்கினாள். துணி கன்னத்தில் பதிந்தது.

“இறுக்காதீங்கக்கா,” என்றாள் மோகனா. “வலிக்கும்.”

முத்தாயி முடிச்சைத் தளர்த்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.