யோப்ஸ்டின் நெற்றியில் ஒரு வெட்டு

மூன்று குல்டன், பதினாறு பென்னி. நியூரம்பர்க்கில் கம்பி இழுத்துப் பிழைக்கும் எண்ட்ரெஸ், ரொட்டிக்கடை யோப்ஸ்டுக்குத் தரவேண்டிய கடன் அது. கடையில் கிடக்கும் கணக்குக் குச்சியில் வெட்டு வெட்டாக ஏறியிருந்தது. மனைவி உர்சல் காய்ச்சலில் கிடந்த குளிர்காலம் முழுக்க, பிள்ளைகளுக்குக் கேட்காமலே ரொட்டி அனுப்பியவர் யோப்ஸ்ட். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சத்திரத்து முற்றத்தில் வாள் போட்டி. குத்தக்கூடாது, வெட்டு மட்டும்தான். இருவரில் யாருடைய தலையில் அதிக உயரத்தில் ரத்தம் வருகிறதோ, அவர் தோற்றவர். பரிசு ஒரு குல்டன். கடனில் கொஞ்சமாவது குறையட்டும் என்று இறங்கினான் எண்ட்ரெஸ். சீட்டுக் குலுக்கியதில் எதிராளியாக வந்து நின்றதோ யோப்ஸ்ட்!

மழுங்கின வாள்தான். ஆனாலும் பிள்ளைகளின் பசி ஆற்றிய மனுஷரின் மண்டையையா உடைப்பது? அவன் வெட்டெல்லாம் ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுபோயின. யோப்ஸ்டின் வாளோ அவன் கன்னத்தைக் கிழித்தது.

"என்னய்யா கம்பிக்காரா, ஈ ஓட்டுறியா?" கூட்டம் சிரித்தது.

யோப்ஸ்ட் சிரிக்கவில்லை. வாளோடு வாள் பூட்டிக்கொண்டபோது முகத்தருகே வந்து சீறினார்.

"ஏன்டா நிறுத்தி நிறுத்தி வெட்டுற? ரொட்டியக் குடுத்து ஜெயிச்சான்னு ஊரு என்னையப் பேசணுமா?"

"அண்ணே, உங்களப் போயி எப்படிண்ணே..."

"மாவு பிசையிற கைன்னு எளக்காரமா? ஒழுங்கா வெட்டுடா!"

விலகி, தலைக்கு மேலிருந்து முழு பலத்தோடு வாளை இறக்கினார். எண்ட்ரெஸ் வலப்பக்கம் பாய்ந்தான். கட்டைவிரலை வாளின் தட்டையில் கொடுத்து, பிடியை நெற்றிக்கு முன்னால் உயர்த்தினான். வந்த வெட்டைத் தாங்கிய அதே வீச்சில் வாள் குறுக்கே சுழன்றது. பின்விளிம்பு யோப்ஸ்டின் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தில் பட்டது. ரத்தம் புருவத்தில் வழிந்தது.

பரிசுக் காசை வாங்கிய கையோடு ஓடினான். யோப்ஸ்ட் காடியில் நனைத்த துணியை நெற்றியில் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அந்தக் குளிர்ல நீங்க இல்லேன்னா..." காசை நீட்டினான்.

யோப்ஸ்ட் அதை மறுக்காமல் வாங்கி மடியில் போட்டுக்கொண்டார்.

"என்னா வெட்டுடா அது! சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரிவேன். நாளைக்கு வந்து உன் கணக்குக் குச்சிய அடுப்புல போட்டுட்டுப் போ."

"மிச்சம் ரெண்டு குல்டனும் பதினாறு பென்னியும் இருக்கேண்ணே?"

"நெத்தி வலிக்குது. வாய மூடு."

மறுநாள் விடியலில், கடனுக்கு வெட்டுப்போட்ட அந்தக் குச்சியை எண்ட்ரெஸே அடுப்பில் போட்டான். அந்தத் தணலில் வெந்த ரொட்டி ஒன்றைக் கைக்காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.