அவைக்குறிப்பில் ஒரு திருத்தம்

குணசுந்தரி எம்.எல்.ஏ. ஆகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கும்மிடிப்பூண்டியில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவள், முப்பத்தொரு வயதில் கோட்டைக்குப் போனாள். அதே தொழிற்சாலையில் வருகைக் கணக்குப் பார்க்கும் டைம் ஆபீஸில் இருந்த ஜெரால்ட், ஐம்பது வயதில் வேலையை விட்டுவிட்டு அவளுக்கு உதவியாளராக வந்தார். அவள் சட்டசபையில் பேசுவதற்கு விவரம் திரட்டித் தருவது அவர் பொறுப்பு.

அதில்தான் சறுக்கினார். விடுதியில் தங்கி அந்தத் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள் இருபத்தாறு பேர் ஒரே நாளில் வாந்தி, பேதி என்று ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். கேன்டீன் சோறுதான் காரணம் என்று இரண்டு பேர் போனில் சொன்னார்கள். ஜெரால்ட் அதை அப்படியே டைப் செய்து கொடுத்தார். மறுநாள் சட்டசபையில் கேள்வி நேரம் முடிந்து வந்த நேரமில்லா நேரத்தில் குணசுந்தரி எழுந்து பேசினாள். மேசைகள் அதிர்ந்தன. மாலைக்குள் நிர்வாகம் கேன்டீனைப் பூட்டிவிட்டது.

மூன்றாம் நாள், கேன்டீனை நடத்திய ரோசம்மாள் அலுவலகத்துக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாலு வருசம் நீயும் என் கையால சாப்ட்டுக்கினு இருந்தவதானே? ஒரு நாள் உனக்கு வயித்த வலிச்சுதா? சீக்குல வுழுந்த பொண்ணுங்கள்ல அஞ்சு பேரு லீவு போட்டுட்டு விடுதிலயே கெடந்தவங்க. கேன்டீன் பக்கமே வரல. அத யாராவது கேட்டீங்களா?"

ஜெரால்டுக்கு முகம் வெளிறிவிட்டது. அவர் கேட்கவில்லை. குணசுந்தரி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்கம்மா, போய்ப் பாத்துடலாம்."

விடுதிக்குத் தண்ணீர் வருவது ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து. சுகாதார ஆய்வாளர் வந்து சேருவதற்குள் அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறிவிட்டாள். கீழே ஜெரால்ட் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டார். தொட்டிக்கு மூடியே இல்லை. உள்ளே காக்கை ஒன்று செத்து ஊறிக் கிடந்தது. நான்கு நாளில் ஆய்வறிக்கையும் வந்தது. தண்ணீர்தான் காரணம்.

அந்த ஊராட்சியின் தலைவர் சின்னதுரை அவளுடைய கட்சிக்காரர். தேர்தலில் வெயிலென்றும் பாராமல் அவளுக்காகத் தெருத்தெருவாக அலைந்தவர். அவள் சட்டசபையில் திருத்திப் பேசப்போகிறாள் என்று கேள்விப்பட்டதும் வந்துவிட்டார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரே நாள்ல கழுவி மூடி போட்டிருப்பேனே. சட்டசபைல போயி என் ஊரு பேர இழுக்கணுமா?" என்றார்.

"நான் தப்பா சொன்னது அங்கதாங்கண்ணா. அங்கதான் மாத்தணும்."

கட்சிக் கொறடா போனில் அழைத்தார். "எதுக்கும்மா கெளர்றீங்க? ஊரே மறந்துடுச்சு. அந்த அம்மாவுக்கு வேற எடத்துல கேன்டீன் வாங்கிக் குடுத்துடலாம்."

"அவங்க சோறு கெட்ட சோறுன்னு அவைக்குறிப்புல இருக்குதே, சார்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

பேரவைத் தலைவரிடம் அனுமதி வாங்கி, அந்த வாரக் கடைசியில் அவள் எழுந்து நின்றாள். பார்வையாளர் மாடத்தில் ஜெரால்ட் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பெயரைச் சொல்வாள் என்றே நினைத்தார். சொல்லட்டும், அதுதான் நியாயம் என்றும் தோன்றியது.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, சென்ற வாரம் இந்த அவையில் நான் சொன்னது தவறு. அந்தப் பெண்கள் நோயுற்றது ஊராட்சித் தொட்டியின் தண்ணீரால், கேன்டீன் உணவால் அல்ல. விசாரிக்காமல் பேசினேன். அது என் குற்றம், வேறு எவருடையதும் அல்ல."

"அடுத்த வாரம் எதை வாபஸ் வாங்கப் போறீங்க?" என்று எதிர்வரிசையில் ஒருவர் கேட்க, அவையே சிரித்தது. அவளுடைய கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்துவிட்டு அவள் தொடர்ந்தாள்.

"அந்தக் கேன்டீனில் சமைத்த பதினொரு பெண்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் பழைய பேச்சை நீக்க வேண்டாம். இதுவும் அதோடு சேர்ந்து இருக்கட்டும்."

யாரும் மேசை தட்டவில்லை. மாடத்தில் ஜெரால்டுக்குக் கண் கலங்கியது. இந்தப் பெண்ணுக்காக வேலையை விட்டதற்கு வீட்டில் எத்தனையோ முறை பேச்சு வாங்கியிருக்கிறார். இனி எவ்வளவு வாங்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது.

திரும்பும் வழியில், சோழவரம் தாண்டியதும் மெல்லச் சொன்னார்: "வேற ஆளப் பாத்துக்கோம்மா. என்னால உனக்குப் பேஜாரு."

"புது ஆளு வந்தா அவரும் ஒரு தடவ தப்பு பண்ணித்தானே கத்துக்கணும், அண்ணா? நீங்க ஏற்கெனவே பண்ணிட்டீங்க."

டிரைவர் சிரித்துவிட்டார். ஜெரால்டும் சிரித்தார்.

அந்தக் கூட்டத்தொடர் முடியும்வரை அவளுக்குப் பேச நேரம் ஒதுக்கப்படவில்லை. சின்னதுரை இன்றுவரை அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தொட்டிக்கு மட்டும் மூடி வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் கேன்டீனும் திறந்தது.

அதற்கப்புறம் ஒரு நாள் ரோசம்மாள் வந்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. "காலைல ஷிப்ட்டு பஸ்ஸு ஒழுங்கா வர்றதில்ல. பொண்ணுங்க ஹைவேல நிக்குதுங்க. இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள்.

ஜெரால்ட் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. "நாளைக்கு எத்தினி மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு அவர் பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது, குணசுந்தரி அவருக்கு முன்னாலேயே வந்து அந்தப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தாள்.